அலமாரியிலிருந்து கடைக்கு: ஒரு ஸ்பூல் டேப்பின் கதை

'கலர் கிரீன்' என்ற ஆல்பம் கடைக்கு வந்தது 2006இல். அதில் இருக்கும் பாட்டுகள் பதிவானதோ 1970க்கும் 1973க்கும் இடையில், ஜெர்மனியில், ஒரு வீட்டுக்குள். இடைப்பட்ட முப்பது சொச்சம் வருஷம் அவை வீட்டுச் சொத்தாகவே இருந்தன.

பாடியவர் சிபில்லெ பையர். ஜெர்மன்காரர், பாட்டுகள் ஆங்கிலத்தில். எழுதியது, மெட்டமைத்தது, கிடார் வாசித்தது எல்லாம் அவரே. மனம் சோர்ந்து படுத்துக்கிடந்தவரை ஒரு தோழி எழுப்பி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியின் ஜெனோவா வரைக்கும் கூட்டிப்போனாராம். அந்தப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் 'ரிமெம்பர் த டே'. அவர் எழுதிய முதல் பாட்டு அதுவே என்கிறார்கள்.

ஸ்டூடியோ கிடையாது, டிரம்ஸ் கிடையாது. வீட்டு ஸ்பூல் ரெக்கார்டரில் எடுத்ததால், டேப்பின் இரைச்சல் பாட்டுக்கு அடியில் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்பதுபோல அடங்கிய குரல். எந்த இடத்திலும் அது ஓங்குவதில்லை. சோகமான வரியைக்கூடச் செய்தி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

வெளியுலகம் அவரை அறவே பார்க்கவில்லை என்றும் சொல்லமுடியாது. இயக்குநர் விம் வெண்டர்ஸின் 'ஆலிஸ் இன் த சிட்டீஸ்' (1974) படத்தில் சிறிய வேடத்தில் வந்து போகிறார். ஆல்பத்தில் 'விம்' என்றே ஒரு பாட்டும் உண்டு. அந்த வாசல் வழியே உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. குடும்பம் என்று ஆனது, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

டேப்பின் அடுத்த பயணத்தைத் தொடங்கி வைத்தவர் மகன். அம்மாவின் பழைய பதிவுகளைத் தொகுத்து, வீட்டாருக்குக் கொடுப்பதற்காக சிடி போட்டார். அதில் ஒரு பிரதி ஜே மாஸ்கிஸ் கைக்குப் போனது. 'டைனோசர் ஜூனியர்' குழுவின் கிடார்காரர் அவர். காதைப் பிளக்கும் சத்தத்துக்குப் பேர்போனவர். இவ்வளவு அமைதியான பாட்டுகளைத் தூக்கிச் சுமக்க அப்படி ஒரு ஆள்தான் வாய்த்தார்! அவர் அதை ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரிலிருக்கும் 'ஆரஞ்ச் ட்வின்' என்ற சின்னக் கம்பெனியிடம் சேர்த்தார். அவர்கள் 14 பாட்டுகளை ஆல்பமாக வெளியிட்டார்கள். மொத்தமும் அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம்.

முப்பது வருஷம் வீணாய்ப் போயிற்றே என்று பலர் அங்கலாய்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1973இல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பாடகி வாஷ்டி பன்யன் கதையே போதும். இங்கிலாந்தில் 1970இல் வந்த அவருடைய 'ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே' சில நூறு பிரதிகள்தான் விற்றது. அந்தப் புறக்கணிப்பில் அவர் இசையையே விட்டுவிட்டார். 2000இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. இத்தனைக்கும் அதற்குத் தேர்ந்த தயாரிப்பாளரும் பெரிய கம்பெனியும் இருந்தன. பையருக்கு அந்த ஏமாற்றம் நேரவில்லை. அதோடு, எந்தத் தயாரிப்பாளரும் இந்தப் பாட்டுகளில் டிரம்ஸையும் கோரஸையும் திணிக்கவில்லை.

திணித்தால் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஆல்பத்திலேயே ஒரு மாதிரி இருக்கிறது. கடைசிப் பாட்டான 'கிவ் மீ எ ஸ்மைல்' வயலின் கூட்டத்தோடு வருகிறது. கெட்ட பாட்டு அல்ல. ஆனால் அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர் திடீரென்று மேடை ஏறிவிடுகிறார்.

ஆல்பம் வெளிவந்து பேரும் வந்த பிறகும் பையர் கச்சேரிகளுக்குக் கிளம்பிவிடவில்லை. வெண்டர்ஸின் 'பாலெர்மோ ஷூட்டிங்' (2008) படத்தில் அவருடைய ஒரு பாட்டு இடம்பெற்றது. புதிதாகக் கேட்கிறவர்கள் 'த எண்ட்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். பிடித்தால் முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள், 13ஆவது பாட்டோடு நிறுத்தினாலும் பாதகமில்லை.