வேடந்தாங்கல் விவசாயிகள் கேட்டு வாங்கிய உரிமை

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். செங்கல்பட்டுச் சீமையில் துப்பாக்கியோடு திரிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்கு வந்தார்கள். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சின்ன ஏரி அது. தண்ணீருக்குள்ளேயே வேரூன்றி நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கிளைக்குக் கிளை கூடுகள். அடைகாக்கும் நாரை கூட்டைவிட்டு எளிதில் எழாது, அதைச் சுடுவதற்குப் பெரிய வேட்டைத்திறமையும் வேண்டாம். சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் நேரே கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள்.

அன்றைக்குக் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். ஊராரின் முறையீட்டை ஏற்று, அந்த ஏரியில் பறவைகளை யாரும் சுடவோ பிடிக்கவோ கூடாது என்று 1798இல் அவர் எழுதிக் கொடுத்தார். ‘கவுல்’ என்பது அந்த ஆவணத்தின் பெயர். சர்க்கார் குடிகளுக்கு எழுத்தில் கொடுக்கும் உறுதிமொழி அது. நில விவகாரங்களில் அன்றாடம் புழங்கிய சொல். வேடந்தாங்கல்காரர்கள் அப்படியொரு கவுலைப் பறவைகளுக்காக வாங்கினார்கள்.

எதற்காக? கொக்கும் நாரையும் அழகு என்பதற்காக மட்டும் அந்த விவசாயிகள் கலெக்டர் கச்சேரி ஏறியிருக்க மாட்டார்கள். விடை ஏரித் தண்ணீரிலேயே இருந்தது. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா என்று வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் பறவைகள் பகலில் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தவளையும் பிடித்துத் தின்கின்றன. திரும்பி வந்து மரத்தில் அமர்கின்றன. அவற்றின் எச்சம் மாதக்கணக்கில் அப்படியே ஏரியில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக ஆயக்கட்டில் பாயும்போது நெல்லுக்குத் தனியாக எரு போட வேண்டிய தேவை குறைகிறது. அக்கம்பக்கத்துப் பத்து ஏரிகளின் வளத்தை இந்த ஒரே ஏரிக்குத் தூக்கி வந்து சேர்க்கும் வேலையைப் பறவைகள் கூலியில்லாமல் செய்தன. ஒரு நாரையைச் சுட்டால் நட்டம் வயலுக்கு என்பதை ஊர் தன் விளைச்சலிலிருந்தே அறிந்திருந்தது.

பறவைகளுக்கும் இதில் ஆதாயம் உண்டு. மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரை பூனையும் நரியும் கூட்டை நெருங்க முடியாது. பருவமழை ஏமாற்றி ஏரி வறண்டுபோன ஆண்டுகளில் அவை கூடு கட்ட வருவதும் அரிது. ஆக, கரை பலமாக இருந்து ஏரி நிரம்புவதில் உழவர், பறவை இரு தரப்புக்கும் ஒரே அளவு அக்கறை.

பிளேஸைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆற்காட்டு நவாபு 1763இல் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்த ஜாகீர்தான் பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமானது. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் அந்தச் சீமை சூறையாடப்பட்டு, பல ஊர்கள் காலியாகிக் கிடந்தன. 1794இல் பொறுப்பேற்ற பிளேஸுக்கு முன்னால் இருந்த வேலை, உடைந்த ஏரிகளைச் சீர்செய்து, குடிகளை மறுபடியும் உழவுக்குக் கொண்டுவந்து, வரி வசூலிப்பது. வேடந்தாங்கலுக்குப் பக்கத்திலுள்ள மதுராந்தகத்தில், பெருமழை இரவில் உடையவிருந்த கரையை ராமனும் லட்சுமணனும் காவல் நின்று காத்ததாகச் சொல்லும் ‘ஏரி காத்த ராமர்’ கதையில் வரும் துரை இவர்தான். அந்தக் கோயிலின் தாயார் சன்னிதித் திருப்பணியோடும் இவர் பெயர் சேர்ந்திருக்கிறது. ஏரி பிழைத்தால்தான் வரி என்று அறிந்திருந்த அதிகாரியிடம், ஏரியின் பெயரால் ஊர் போய்ப் பேசியது. கவுல் கைக்கு வந்ததற்கு அவருடைய கருணையைவிட இந்தக் கணக்கே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

கவுல் கிடைத்த 1798ஆம் ஆண்டின் முக்கியத்துவம் மற்ற ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பிரிட்டிஷ் இந்தியாவில் காட்டுப் பறவைகளுக்கென்று முதல் சட்டம் வந்தது 1887இல். இங்கிலாந்திலேயே கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் 1869இல்தான் வந்தது. அமெரிக்காவின் கூட்டரசு பறவைகளுக்கென ஒதுக்கிய முதல் இடமான, ஃபுளோரிடாவின் பெலிக்கன் தீவு 1903இல் அறிவிக்கப்பட்டது. இவை எதற்கும் முன்பே ஒரு தமிழ்க் கிராமம் தன் ஏரிப் பறவைகளுக்கு எழுத்தில் காவல் வாங்கிவிட்டது.

கவுல் வாங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பிற்காலத்தில் அந்தக் காகிதம் தொலைந்தது. கலெக்டர்கள் மாறினார்கள், பழைய வாக்குறுதி புதியவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. 1858இல் அந்த உரிமை புதுப்பித்து வாங்கப்பட்டது. கும்பினியின் கையிலிருந்து இந்தியா பிரிட்டிஷ் முடியாட்சிக்குப் போனதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததோ இல்லையோ, அறுபது ஆண்டு கழித்து, ஏறக்குறைய மூன்றாவது தலைமுறையும் அதே கோரிக்கையை விடாமல் பிடித்திருந்தது என்பதே இந்த வரலாற்றின் கனமான பகுதி. இடைப்பட்ட காலமெல்லாம் காவலர் கிடையாது, வேலி கிடையாது, சம்பளம் கிடையாது. பறவைகளைக் காத்தது ஊர்தான்.

பிறகு அரசு மெல்ல உள்ளே வந்தது. 1936இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ஏரியைச் சரணாலயமாக அங்கீகரித்தார். 1962இல் அது வனச்சட்டத்தின் கீழ் வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. தூரம்வரை சரணாலய எல்லை விரிந்தது. 2022இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் வேடந்தாங்கலும், பக்கத்திலுள்ள கரிக்கிலியும் இடம்பெற்றன. இந்த ஏணியில் ஒவ்வொரு படியும் தேவையானதுதான். துப்பாக்கியைவிடப் பெரிய ஆபத்துகள் வந்துவிட்ட காலம் இது. ஆனால் படி ஏற ஏற, உரிமை கேட்டு வாங்கியவர்கள் என்ற இடத்திலிருந்து, விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியவர்கள் என்ற இடத்துக்கு ஊர்க்காரர்கள் நகர்ந்துவிட்டார்கள். பார்வைக் கோபுரமும் நுழைவுச்சீட்டும் வந்த இடத்தில், அந்தப் பழைய உரிமைக்காரரின் குரல் தாழ்ந்துபோனது நல்லதல்ல.

ஊர் காக்கும் பழக்கம் வேடந்தாங்கலோடு நிற்பதுமல்ல. நெல்லைச் சீமையில் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்தில் மட்டும் கூடு கட்டுவதில்லை. தெருவில், வீட்டு வாசலில் நிற்கும் மரங்களிலும் மஞ்சள்மூக்கு நாரைகள் குஞ்சு பொரிக்கின்றன. எச்சத்தின் வாடையையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு, கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கும் வீடுகள் அங்கே உண்டு. 1994இல் சரணாலயமாக அறிவிப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த உறவு நடந்துவந்தது. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப் பகுதி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது ஆண்டுதோறும் செய்தியாகிறது. ஊரே வெடியில்லாமல் தீபாவளி கொண்டாடுவது குழந்தைகளுள்ள எந்த வீட்டுக்கும் எளிதான காரியமில்லை. உத்தரவு போட்டுச் செய்விக்கக்கூடியதும் இல்லை.

வேடந்தாங்கலின் இன்றைய சிக்கல் வேறு மாதிரி. 2020இல், 5 கி.மீ. எல்லையை 3 கி.மீ. ஆகச் சுருக்கும் யோசனை வெளியே தெரிந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. ஏரிக்கு வெளியே இருக்கும் நிலம் எதற்கு என்று கேட்பவர்கள், பறவை எங்கே இரை தேடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கூடு வேடந்தாங்கலில் இருந்தாலும் சாப்பாடு சுற்றியுள்ள ஏரிகளிலும் சேற்று வயல்களிலும்தான். அந்த வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்து நத்தைக்கும் மீனுக்கும் போய், அங்கிருந்து குஞ்சின் வாய்க்கும் போகும். ஒரு வயல் மனையானால் மேய்ச்சல் இடம் அந்த அளவு குறையும்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நிலத்தின் விலை நெல்லின் விலையைப் பார்த்து நிர்ணயமாவதும் இல்லை. உழவை விட்டு மறைமலைநகருக்கும் ஒரகடத்துக்கும் ஆலை வேலைக்குப் போகும் தலைமுறைக்கு எச்சத்தண்ணீரின் அருமை வெறும் பாட்டன் கதையாகிவிடும் ஆபத்து உண்மையானது. இரண்டு நூற்றாண்டாகப் பறவைகளைக் காத்தது ஏரிக்கும் வயலுக்கும் இடையிலிருந்த கொடுக்கல் வாங்கல். உழவு போனால் அதுவும் போகும்.

ஆகவே வரத்துக்கால்வாயைத் தூர்வாருவது, குஞ்சுகள் இறக்கை முளைத்துப் பறக்கும்வரை ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிறுத்துவது, மதகை எப்போது திறப்பது ஆகிய முடிவுகளில் ஆயக்கட்டு விவசாயிகளுக்கு முதல் வரிசையில் இடம் வேண்டும். சுற்றுவட்டத்தில் மருந்தில்லாமல் நெல் விளைவிப்பவருக்குக் கூடுதல் விலை கிடைக்க வழி செய்ய வேண்டும். நாரைகள் இரை தேடிப் போகும் பக்கத்து ஊர் ஏரிகளின் பாசனக்காரர்களையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும்; அவர்களுடைய ஏரியில் மீனும் நத்தையும் இருந்தால்தான் வேடந்தாங்கலில் குஞ்சுக்கு இரை கிடைக்கும்.