ராம்சே தெருவைத் தேடிப் போனவர்கள்

மெல்பேர்ண் நகரின் கிழக்குப் புறத்தில் வெர்மண்ட் சவுத் என்றொரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. செங்கல் வீடுகள், ஒட்ட வெட்டிய புல்தரை, வீட்டுக்கு முன்னால் இரண்டு கார். அங்கே வீடன் டிரைவ் என்ற வீதியிலிருந்து பிரிந்து, கொஞ்சம் வளைந்து, அப்படியே முடிந்துபோகும் ஒழுங்கையின் பெயர் பின் ஓக் கோர்ட். உலகம் அதை ராம்சே தெருவாக அறியும். 1985 மார்ச் 18 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கிய 'நெய்பர்ஸ்' தொடரின் தெரு அது. அதைப் பார்க்க அரை உலகம் கடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் பிரித்தானிய இளைஞர்கள். முதுகில் பெரிய பை, கடவுச்சீட்டில் ஓராண்டு விசா, கையில் சொற்பக் காசு. நானும் அப்படிப் போனவள்தான்.

இந்த வழக்கம் உண்டானதற்குக் காரணம் நாடகம் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். மற்றப் பாதி குடிவரவுத் திணைக்களத்தில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரேலியா ஆட்களைத் தேடியது, வெள்ளை ஆட்களை. பத்துப் பவுண் கட்டினால் கப்பலேற்றி அழைத்துக்கொள்ளும் திட்டத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியர் போய்க் குடியேறினார்கள். பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. அதே காலத்தில் ஆசியர்களுக்குக் கதவு ஏறக்குறைய முழுதாக அடைபட்டிருந்தது. 1973-இல் விட்லம் அரசு வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1975 தொடக்கத்திலிருந்து பிரித்தானியரும் எல்லோரையும்போல விசா எடுக்க வேண்டும் என்றானது. அதே ஆண்டில்தான் வேலையோடு கூடிய விடுமுறை விசா பிறந்தது. முதலில் பிரித்தானியா, அயர்லாந்து, கனடா ஆகிய மூன்று நாட்டு இளையவர்களுக்கு மட்டும். ஒரு வருடம் இருக்கலாம், ஊர் சுற்றலாம், செலவுக்கு உழைத்துக்கொள்ளலாம், ஒரே முதலாளியிடம் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பெருங்கதவைச் சாத்தும்போது பழைய சொந்தக்காரர்களுக்கென்று விட்டுவைத்த சிறிய கதவு என்றுதான் அதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

கதவு திறந்து பத்து வருடம் கழித்து நாடகம் வந்தது. அதை உருவாக்கிய ரெக் வாட்சன் பிரிஸ்பேனில் பிறந்தவர். பேர்மிங்காமில் தொலைக்காட்சி வேலை பார்த்து, 1964-இல் 'கிராஸ்ரோட்ஸ்' என்ற பிரித்தானியத் தொடரைத் தொடங்கிவைத்தவர். ஆங்கிலேயர்கள் மாலை நேரத்தில் எந்த மாதிரிக் குடும்பக் கதையோடு ஒன்றிப்போவார்கள் என்பதை அங்கேயே இருந்து படித்துக்கொண்டு ஊர் திரும்பினார். 'நெய்பர்ஸ்' பாட்டுக்கு இசையமைத்த டோனி ஹாட்ச், 'கிராஸ்ரோட்ஸ்' இசையையும் அமைத்த அதே ஆள். ஆக, நாங்கள் இலண்டனில் அசல் ஆஸ்திரேலியா என்று பார்த்ததன் கைப்பக்குவத்தில் ஒரு பங்கு பேர்மிங்காமில் பழகியது. சொந்த நாட்டில் அது முதல் வருடமே தடுக்கி விழுந்தது. செவன் தொலைக்காட்சி 170 பகுதிகளோடு கைவிட, 1986 ஜனவரியில் டென் அலைவரிசை எடுத்துக்கொண்டது.

1986 ஒக்டோபர் 27 அன்று பிபிசி தன் பகல்நேர ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இடத்தை நிரப்ப மலிவாகக் கிடைத்த தொடர்களில் ஒன்றாக 'நெய்பர்ஸ்' பிரித்தானியாவுக்குள் வந்தது. மத்தியானம் ஒருமுறை, மறுநாள் காலையில் மறு ஒளிபரப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளால் பார்க்க முடியாத நேரங்கள். 1988 ஜனவரியில் பிபிசியின் மைக்கேல் கிரேட் அந்த மறு ஒளிபரப்பைப் பின்நேரம் ஐந்து முப்பத்தைந்துக்கு மாற்றினார். அவருடைய மகள் கேட்டதால்தான் மாற்றினார் என்பது பிரித்தானியாவில் எல்லோரும் சொல்லும் கதை. தொடரின் இளம் காதலர்கள் ஸ்கொட்டும் சார்லினும் கலியாணம் செய்த பகுதி அந்த ஆண்டு நவம்பரில் ஒளிபரப்பானபோது ஏறத்தாழ 2 கோடிப் பேர் பார்த்தார்கள். அப்போது ஆஸ்திரேலியாவின் மொத்தச் சனத்தொகையே அதைவிடக் குறைவு.

அந்த 2 கோடியில் ஈஸ்ட் ஹாமில் ஒரு மாடி அறையில் இருந்த நாங்களும் சேர்த்தி. நான் சிறு பிள்ளையாக யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து வந்து இறங்கிய காலம் அது. அப்பா இரவுவேலை. அம்மாவுக்குக் கடைக்குப் போய்க் கதைக்கிற அளவு ஆங்கிலம்கூட இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேத்தண்ணியோடு இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அம்மாவுக்கு அந்த நாடகம் பிடித்த காரணத்தை அவவே சொல்லுவா: "அங்கை எல்லாரும் வேலிக்கு மேலாலை கதைக்கினம். சீனி முடிஞ்சால் பக்கத்து வீட்டிலை போய்க் கேக்கினம். எங்கடை ஊர் மாதிரி." கிடுகு வேலியில் பொட்டு வைத்து அடுத்த வளவுக்குள் போய்வந்த மனுசிக்கு, கதவடைத்த இலண்டன் வீடுகளுக்கு நடுவே ராம்சே தெரு உறவுக்காரர் வீடாகத் தெரிந்தது. மாட்ஜ் பிஷப் என்ற வாய்க்காரப் பெண்மணிதான் அவவுக்கு உயிர். மாட்ஜ் சொல்கிற வசனங்களைத் திருப்பிச் சொல்லியே அம்மா ஆங்கிலம் பிடித்தா. மருத்துவமனையில் தாதி கேட்ட கேள்விக்கு ஒருநாள் மெல்பேர்ண் இழுவையோடு பதில் சொன்னது இன்றும் எங்கள் வீட்டில் பேச்சு.

பிரித்தானியாவில் அந்தத் தலைமுறை முழுவதற்கும் ஆஸ்திரேலியா என்றால் வெயில், பின்வளவில் நீச்சல்குளம், பள்ளிச் சீருடையிலும் சிரிக்கிற முகங்கள். மழைக்கால மாலையில், குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிழமைக்கு ஐந்து நாள் அதைப் பார்த்தவர்கள், படிப்பு முடிந்ததும் எங்கே போக ஆசைப்படுவார்கள்? விசா ஏற்கெனவே தயாராக இருந்தது. நான் 2000-இல் கிளம்பினேன்.

போய் இறங்கி அதிக நாளாகவில்லை, ஜூன் 23 அதிகாலை, குவீன்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்ற சிற்றூரில் முதுகுப்பைப் பயணிகள் தங்கிய பழைய மரக் கட்டடம் தீப்பிடித்தது. வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ. தீ எச்சரிக்கை மணி வேலை செய்யவில்லை. 15 பேர் இறந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மரக்கறியும் பழமும் பறிக்க வந்த இளையவர்கள். பெரும்பாலானோர் வெளிநாட்டுப் பிள்ளைகள், பிரித்தானியர் பலர். அம்மா நான் தங்கியிருந்த விடுதிக்குத் தொலைபேசி எடுத்து, என் குரலைக் கேட்டபிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் அப்படியான கட்டடங்களில்தான் படுத்தோம். ஓர் அறையில் எட்டுக் கட்டில், மேலும் கீழுமாக. பண்ணைக்காரருக்கு அறுவடைக்கு ஆள் வேண்டும், விடுதிக்காரருக்குக் கட்டில் நிரம்ப வேண்டும், விடுமுறைக்கு வந்த பிள்ளைக்குச் செலவுக்குக் காசு வேண்டும். அந்த ஏற்பாட்டில் யாருடைய உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அரசு உரக்கக் கேட்கவே 15 உயிர்கள் போக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் குவீன்ஸ்லாந்தில் விடுதிகளுக்கான தீப் பாதுகாப்புச் சட்டம் இறுகியது.

குளிர்காலத்தில் மெல்பேர்ணில் ஒரு சிற்றுண்டிக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ராம்சே தெருவுக்குப் போனேன். விடுதிகளிலிருந்து சிறு பேருந்துகளில் கூட்டிப்போகிற சுற்றுலாக்கள் இருந்தன. நான் டிராமில் போனேன். அப்போது 75ஆம் இலக்கம் ஈஸ்ட் பர்வுட்டோடு நின்றுவிடும், வெர்மண்ட் சவுத் வரை தண்டவாளம் போட்டது 2005-இல்தான். மீதித் தூரத்தை பர்வுட் நெடுஞ்சாலை ஓரமாக நடந்தேன்.

தெரு நான் நினைத்ததைவிடக் குறுகல். தொலைக்காட்சியில் வருகிற ஆறு வீடுகளும் வரிசையாக அங்கே இருந்தன, ஆனால் ஒவ்வொன்றிலும் நாடகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பம் வசித்தது. வாசல்வரை மட்டும்தான் நாடகம். நடிகர் கதவைத் திறந்து உள்ளே கால் வைப்பதோடு அங்கே படப்பிடிப்பு முடிந்துவிடும். அடுத்த காட்சியில் வருகிற கூடமும் குசினியும் சில கிலோமீட்டர் தள்ளி நனவாடிங் படப்பிடிப்புத் தளத்தில் பலகையால் கட்டியவை. கேலி செய்யவும் சுவரில் கிறுக்கவும் ஆட்கள் வந்ததால் தயாரிப்பு நிறுவனம் அங்கே காவலாளி போட்டிருந்தது. ஒரு வீட்டு வயதான அம்மா குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தவ. என்னைக் கண்டதும் நின்று, எந்த ஊர் என்று கேட்டா. இலண்டன் என்றேன். எல்லோரும் இலண்டன்தான், நீயாவது குடை கொண்டுவந்தாயே என்றா. படப்பிடிப்பு நாட்களில் காரை வேறு தெருவில் விட வேண்டும், துணி காயப்போட்டால் எடுக்கச் சொல்வார்கள், மற்றபடி இதுவும் ஒரு தெருதான் பிள்ளை என்ற தொனியில் பேசினா. கையில் புகைப்படக் கருவியோடு வருகிற அந்நியரைப் பார்த்து ஒருவர் இத்தனை பொறுமையாக இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நாடகம் சொல்லித்தந்த அயலவர் குணம் அந்தத் தெருவில் உண்மையாகவே இருந்தது என்று நான் நம்புகிறேன்.

அந்த நாட்களில் மெல்பேர்ணின் சென் கில்டாவில் எலிஃபண்ட் அண்ட் வீல்பரோ என்ற மதுக்கடையில் திங்கள் இரவுகளில் நாடகத்தின் நடிகர்கள் வருவார்கள். கேள்விபதில் போட்டி நடக்கும், அவர்களோடு படமெடுக்க ரசிகர்கள் காத்து நிற்பார்கள். டொக்டர் கார்ல் கென்னடியாக நடித்த அலன் ஃபிளெச்சர் அங்கே தன் வாத்தியக் குழுவோடு பாடியிருக்கிறார். அந்த மண்டபத்தில் ஆஸ்திரேலியர் அரிது. எல்லாம் லீட்ஸும் கிளாஸ்கோவும் கார்டிஃபும்.

வேலை என்ற பாதியை நான் அனுபவித்தது 2001 பெப்ரவரியில், மரே ஆற்றங்கரை மில்டுராவில். கனடாவில் பிறந்த சாஃபி சகோதரர்கள் 1887-இல் தொடங்கிய நீர்ப்பாசனக் குடியேற்றம் அது. ஆற்றுத் தண்ணீர் பாய்கிற இடம் பச்சை, அதைத் தாண்டினால் செம்மண் பாலை. உலர்திராட்சைக்கான சுல்தானா கொடிகள். உரும்பிராயில் எங்கள் அம்மம்மா வீட்டில் திராட்சை தலைக்கு மேல் பந்தலில் படரும், அண்ணாந்து பறிப்போம். மில்டுராவில் கம்பி நெஞ்சளவுதான், குலைகள் இலைக்குள் தாழ ஒளிந்திருக்கும். குனிந்தும் முழங்காலில் நின்றும் வெட்ட வேண்டும். சிறிய வளைந்த கத்தியால் காம்பை அறுத்துப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, நிரம்பியதை வரிசையில் வைத்துவிட்டு அடுத்த வாளிக்கு நகர வேண்டும். நூறு வாளிக்கு இவ்வளவு என்று கூலி. சாறு வழிந்து மணிக்கட்டில் காய, அதில் ஈ மொய்க்கும். பத்து மணிக்கே வெயில் சுட்டெரிக்கும். வாளிகள் டிராக்டரில் ஏறி, கூரை போட்ட நீண்ட கம்பிவலைத் தட்டுகளுக்குப் போகும். அங்கே பழம் கிடந்து காய்ந்து சுருங்கும். பக்கத்து வரிசையில் வெட்டிய துருக்கிக்காரக் கிழவர் நான் ஒரு வாளி நிரப்புவதற்குள் மூன்று நிரப்புவார். அவருக்கு அது விடுமுறை இல்லை, வருடா வருடம் செய்கிற தொழில்.

அந்த இரவுகளில் விடுதிக் கூடத்தில் நாடகம் ஓடும். ஆஸ்திரேலியாவில் ஓடிய பகுதி பிரித்தானியாவுக்குப் போய்ச் சேரப் பல மாதம் பிடிக்கும். ஆகவே அங்கே நின்ற பிரித்தானியப் பிள்ளைகள் வீட்டாருக்கு வரப்போகும் கதையை முன்கூட்டியே அறிந்தவர்கள். எண்பதுகளில் அதைக் கடிதத்தில் எழுதினார்கள், நாங்கள் தொலைபேசி அட்டை தேய்த்துச் சொன்னோம். மாட்ஜுக்குப் புற்றுநோய் என்று கதை திரும்பியபோது அம்மாவிடம் சொல்வதா விடுவதா என்று தயங்கினேன். அம்மாவே கேட்டா: "மறைக்காதை பிள்ளை. அவள் போயிடுவாளோ?" ஓம் என்றேன். இலண்டனில் மாட்ஜ் இறக்கும் பகுதி வந்தபோது நான் வீடு திரும்பி அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். தெரிந்த சாவுதான், இருந்தும் அன்று அவ அடுப்பு மூட்டவில்லை.

ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மா அத்தனை ஆண்டு தன் அயலவர் என்று பார்த்த அந்தத் தெருவில் எங்கள் நிறத்தில் ஒரு குடும்பம் குடியேறவில்லை. இந்தியப் பின்னணி கொண்ட கபூர் குடும்பம் வந்து சேர 2011-ம் 2012-ம் ஆயின. அப்போது எழுந்த இனவெறிப் பேச்சு நாடகத்துக்கு வெளியேயும் செய்தியானது. பின்னாளில் டிப்பி ரெபேக்கியாக நடித்த ஷாரன் ஜொஹல், படப்பிடிப்பில் தான் சந்தித்த இனவெறியை 2021-இல் வெளிப்படையாக எழுதினார். அம்மா அதை வாசித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நாடகத்தையும் விடவில்லை.

நாடகம் 2022 ஜூலையில் முடிந்து, 2023-இல் உயிர்த்து, 9,000-க்கும் மேற்பட்ட பகுதிகளோடு 2025 டிசம்பரில் மீண்டும் நின்றது. விசா நிற்கவில்லை, பெருத்தது. 2005 நவம்பரிலிருந்து, நாட்டுப்புறத்தில் மூன்று மாதம் பண்ணை வேலை செய்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டு கிடைத்தது. அதோடு திராட்சை வெட்டுவது செலவுக்கான வேலை என்ற நிலை மாறி, விசாவுக்கான வேலை ஆகிவிட்டது. கூலியைக் குறைத்தாலும் விசாவுக்குத் தேவையான பண்ணைக்காரரின் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். 2024 ஜூலையிலிருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு அந்தப் பண்ணை நிபந்தனையே கிடையாது, வேலை செய்யாமலே மூன்று ஆண்டு எடுக்கலாம். அதே ஆண்டு இந்தியருக்கும் இதையொத்த விசா முதன்முறையாகத் திறந்தது. வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறையில். குலுக்கலில் விழுந்து போகிற கோயம்புத்தூர்ப் பிள்ளை இரண்டாம் ஆண்டு கேட்டால், நாட்டுப்புறத்தில் மூன்று மாதம் உழைத்துக் காட்ட வேண்டும். இலங்கை எந்தப் பட்டியலிலும் இல்லை. உரும்பிராயில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் இதே விசாவைப் பற்றி விசாரித்தாள். இல்லையென்றுதான் சொல்ல முடிந்தது.