பேரீச்சம்பழத்துக்குப் போன டிவி கேம்

2021 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு வீடியோ கேம் ஏலம் போனது. பெயர் சூப்பர் மரியோ 64. விலை 15 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அன்றைய கணக்கில் நம்ம காசுக்கு 11 கோடிக்கும் மேல்!

இத்தனைக்கும் அது அபூர்வமான கேம் இல்லை. 1996-ல் வெளிவந்து, உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்ற சரக்கு. பிறகு ஏன் இந்த விலை? பெட்டியை யாரும் பிரிக்கவே இல்லை, அவ்வளவுதான். கேமுக்கு இல்லை, பிரிக்காத அட்டைப்பெட்டிக்குத்தான் மவுசு.

சரி, நம்ம ஊர்ப் பக்கம் வருவோம்.

1995-ல் சேகாவின் மெகா டிரைவை இந்தியாவில் விற்க வந்தது ஷா வாலஸ். (ஆமாங்க, அந்த மதுபானக் கம்பெனியேதான்.) அப்போது இறக்குமதி வரி 80 சதவீதம். மெகா டிரைவின் விலை 18,000 ரூபாய். அந்த வருஷத்துத் தங்க விலைக்கு நாலு பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். கப்பலூர் சிட்கோவில் வேலை பார்த்த எந்த அப்பா வாங்கித் தந்திருப்பார்?

அதனால் நம்ம வீடுகளுக்கு வந்தது வேறு. 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். மீடியா, டெர்மினேட்டர் என்று ஆளுக்கொரு பெயர். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "டிவி கேம்". கார்ட்ரிட்ஜை யாரும் கார்ட்ரிட்ஜ் என்று சொன்னதில்லை, அது கேசட். ஓடவில்லையா, எடுத்து ஒரு ஊது ஊதிச் செருகு! '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே போனால் அதே பத்துப் பதினைந்து ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வரும்.

இந்த மலிவு கேசட்டைத் திறந்தால் சிப்புக்குப் பதிலாகக் கருப்புப் பொட்டு மாதிரி ஒரு பசை. அதற்குள்ளேதான் எல்லாமே. கெட்டால் ரிப்பேர் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான். எங்கள் சித்தப்பாவின் பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போய், ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமாகத் திரும்பி வந்ததாம். அந்தக் காலத்தில் பல வீட்டுக் கதை இதுதான்.

என்னைக் கேட்டால், நிஜமான தட்டுப்பாடு இங்கேதான் இருக்கிறது. மரியோ எத்தனை விற்றது, எந்த வருஷம் எந்தப் பதிப்பு வந்தது என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. நம்ம கேசட்டில் பெரும்பாலும் தயாரித்தவர் பெயரே இருக்காது, வருஷமும் இருக்காது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் சொன்னது. அங்கே அதை எண்ணிப் பார்க்கவாவது ஆள் இருக்கிறது. இங்கே எண்ணுவதற்குப் பட்டியலே இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது கிடந்தால், கேசட்டின் ஸ்டிக்கரையும் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வாங்கிய கடை, வருஷம், விலை ஞாபகமிருந்தால் அதையும் எழுதுங்கள். பெட்டி உங்களிடமே இருக்கட்டும், எனக்கு வேண்டாம் :)