தேயிலைப் பெட்டியும் லயத்து அலுமாரியும்



எங்கள் பாடசாலை நூலக அறையின் மூலையிலே பழைய அலுமாரி ஒன்று நிற்கிறது. மரம் வாங்கி, அறுத்து, இழைத்துச் செய்த அலுமாரி அன்று அது. பன்னிரண்டு தேயிலைப் பெட்டிகளைப் பக்கவாட்டிற் கிடத்தி, வாய்ப்புறம் முன்னே தெரியுமாறு நிரைக்கு நான்காக மூன்று நிரை அடுக்கி, ஒன்றோடொன்று ஆணியால் இணைத்த அமைப்பு. சென்ற ஆண்டு அன்பர் ஒருவர் எமக்குப் புதிய அலுமாரிகளை நன்கொடையாக அனுப்பினார். வெள்ளை மெருகிட்ட பலகைகள் கட்டுக்கட்டாக வந்திறங்கின. உடன் வந்த இளைஞர் திருகாணிகளைக் கொண்டு இரண்டு மணி நேரத்துள் அவற்றைப் பூட்டி நிறுத்திவிட்டார். பின்னர் மூலையைச் சுட்டிக்காட்டி, "இதை அடுப்புக்கு அனுப்பிவிடலாமா, சேர்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும் உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. அதன் காரணத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஓரளவாய் அறுத்த பலகைகளைத் தொலைவிலிருந்து தட்டையாகக் கொணர்ந்து, வேண்டிய இடத்திலே பூட்டிக்கொள்வது இக்காலத்து நாகரிகம் என்று பலரும் எண்ணுகின்றனர். அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் அது நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கமாகும்.

ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1873இல் அங்கிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றதும் பாடநூல்கள் கூறும் செய்திகள். 23 இறாத்தலை எதில் வேண்டுமானாலும் கட்டி அனுப்பலாம். கோப்பிச் செடியை நோய் அழித்து, மலைகளெல்லாம் தேயிலையாக மாறிய பின்னரோ நிலைமை வேறாயிற்று. புகைவண்டிப் பாதை 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. 1900ஆம் ஆண்டளவில் இலங்கையின் தேயிலை ஏற்றுமதி 14 கோடி இறாத்தலைக் கடந்திருந்தது. நூறு இறாத்தலுக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுதோறும் பதினான்கு இலட்சம் பெட்டிகள் வேண்டும். தொடக்கத்திலே தோட்டங்களில் வெட்டிய காட்டு மரமே பெட்டியாயிற்று. மரத்தின் மணம் தேயிலையிற் பற்றிக்கொள்ளும், ஈரமான பலகை உலர்ந்து பிளக்கும், பாரமோ அதிகம். ஆகவே ஜப்பானிலிருந்து மோமி என்னும் மென்மரப் பலகைகள் வரவழைக்கப்பட்டன. அதன் பின்னர் ஒட்டுப்பலகை வந்தது.

ஒட்டுப்பலகையின் கதை பால்டிக் கடற்கரையிலே தொடங்குகிறது. இன்று எஸ்தோனியாவின் தலைநகராகத் தாலின் என்று வழங்கும் ரேவல் நகரில், லூதர் குடும்பத்தாரின் தொழிற்சாலை 1880களிலே நாற்காலி இருக்கைகளுக்காக மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பலகை செய்தது. ஒரு தாளின் நார் நெடுக்காக ஓடினால், அடுத்த தாளின் நார் குறுக்காக ஓடும். தனிமரம் ஈரத்தில் நாரின் குறுக்கே வீங்கும். இங்கேயோ ஒரு தாளின் வீக்கத்தை மற்றத் தாள் தடுத்து நிறுத்திவிடும். நீரைத் தாங்கும் பசை கைவந்த பின்னர், இப்பலகை 'வெனெஸ்டா' என்னும் பெயரோடு இலண்டன் வழியாக உலகச் சந்தைக்கு வந்தது. மூடுபனி வீட்டிற்குள்ளேயே குடியிருக்கும் எங்கள் மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பலகை வேறு எது?

பெட்டியின் அமைப்பைச் சற்று நின்று கவனித்தல் வேண்டும். ஆறு பலகைகள், உள்ளே விளிம்போரமாக மரச்சட்டங்கள், வெளியே விளிம்புகளை மடித்துப் பிடிக்கும் தகரப்பட்டிகள், தேயிலையைக் காக்க உட்புறம் ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத்தாள். பலகைகளும் சட்டங்களும் பட்டிகளும் தனித்தனிக் கட்டுகளாகப் புகைவண்டியில் வரும். தோட்டத்து ஸ்டோரிலே அவற்றைப் பொருத்தி ஆணி அடிப்பர். பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயர், தேயிலையின் இனம், தொடர் எண், மொத்த நிறை, பெட்டியின் நிறை, தேயிலையின் நிறை எல்லாம் கறுப்பு மையினால் பதிக்கப்படும். நான் ஆங்கில எழுத்துகளைக் கற்றது அரிச்சுவடியில் அன்று. எங்கள் காம்பராவின் சுவரோரம் நின்ற பெட்டிகளின் முதுகில்தான்.

பழுதுபட்டுக் கழிக்கப்பட்ட பெட்டிகளும், மூலை உடைந்த பலகைகளுமே லயங்களுக்கு வந்து சேர்ந்தன. பன்னிரண்டு அடிக்குப் பத்தடி என்பது ஒரு காம்பராவின் அளவு. முன்னே ஓர் இஸ்தோப்பு. இதற்குள்ளே ஒரு குடும்பம், அதன் அடுப்பு, விறகு, கம்பளி, கொழுந்துக் கூடை, சாமி படம் அத்தனையும் அடங்க வேண்டும். இத்தகைய இடத்தில் நான்கு கால் அலுமாரி செய்வோர் யார்? பெட்டி ஒன்றைக் கிடத்தி, உள்ளிருக்கும் மரச்சட்டத்தின்மேல் வேறொரு பெட்டியின் பலகையைச் செருகினால் இரண்டு தட்டு. அதன்மேல் இன்னொன்றை ஏற்றினால் நான்கு தட்டு. மண்தரையின் ஈரம் ஏறாதபடி அடியில் கற்கள். முன்னே பழைய சேலைத் திரை. குடும்பம் பெருகினால் பெட்டியும் பெருகும். மகளைக் கட்டிக் கொடுத்தால் சீரோடு இரண்டு பெட்டி பிரிந்து செல்லும். உள்ளிருந்த மினுக்குத்தாளும் வீணாகவில்லை. எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் இரதிக்கும் மன்மதனுக்கும் கிரீடமாயிற்று.

இதைக் கேட்டு ஏழ்மையின் உபாயம்தானே என்று முகஞ்சுளிப்போருக்கு இன்னொரு செய்தி சொல்வேன். 1907ஆம் ஆண்டில் தென்துருவக் கண்டத்துக்குப் புறப்பட்ட ஷாக்கிள்டன், தம் உணவுப் பொருள்களை ஏறத்தாழ 2,500 வெனெஸ்டாப் பெட்டிகளிலே கொண்டு சென்றார். பனிவெளியில் அமைத்த குடிலிலே அப்பெட்டிகளே தட்டுகளாகவும் தளபாடங்களாகவும் மாறின. 1908இல் அங்கேயே அச்சிட்ட 'அவுரோரா அவுஸ்திராலிஸ்' என்னும் நூலுக்கு அவற்றின் பலகைகளே அட்டையாயின. அந்நூலின் பிரதிகள் அட்டையிற் கிடக்கும் வெண்ணெய் முதலான பொருட்பெயர்களால் இன்றும் அடையாளம் காணப்படுகின்றன. அறிஞர் அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்துப் போற்றுகின்றனர். லயத்து அலுமாரியை வைத்துப் போற்றிய காட்சிசாலை எதையும் நான் கண்டதில்லை.

இரண்டாம் உலகப்போர் பால்டிக் கடல்வழியை அடைத்துவிட்டது. பெட்டியின்றேல் தேயிலையும் இல்லை என்ற நெருக்கடியில், 1941இல் காலிக்கு அருகே கிந்தோட்டையிலே அரசாங்க ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது. தொழிற்சாலைக்கு மரம் வேண்டுமல்லவா? 1970களின் முற்பகுதியிலே ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்கொண்டு மரம் வெட்டப்பட்டது. எதிர்ப்பு வலுத்து 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் ஒரு காடும் நின்றது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இனி, என் நெஞ்சை விட்டு அகலாத பகுதிக்கு வருகிறேன். லயத்துக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை போனால் கூரையும் போகும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாட்டையே அவர்களுக்கு அந்நியமாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று கணக்குப் பிரிக்கப்பட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டனர். சுவரோடு சேர்த்துக் கட்டிய தட்டு இவர்களுக்கு எதற்கு உதவும்? தூக்கிச் செல்லக்கூடியதே இவர்களுடைய தளபாடம்.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராக்காரருக்குப் பயண நாள் குறிக்கப்பட்டது. முதல் நாள் மாலை அவர் தம் அலுமாரியின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வளைந்த ஆணிகளை அவர் மனைவி கல்லின்மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். தட்டுகள் மீண்டும் பெட்டிகளாயின. பித்தளைக் குடம், அம்மிக்குழவி, படங்கள், பிள்ளைகளின் உடுப்பு ஆகியவை உள்ளே சென்றன. தோட்டத்தின் பெயர் பதித்த முகத்திலேயே சுண்ணாம்பினால் இந்திய முகவரி ஒன்றை எழுதினார்கள். தலைமன்னாருக்குச் செல்லும் வண்டியில் அப்பெட்டிகளை ஏற்றியபோது லயமே கதறியது. அம்மா அழுததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். சில மாதங்களின் பின் நீலகிரியிலிருந்து கடிதம் வந்தது. அங்கும் தேயிலை, அங்கும் குளிர், பெட்டிகளை மறுபடி அடுக்கிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

1980களிலும் 1990களிலும் காகிதச் சாக்குகள் பெட்டியின் இடத்தைப் பிடித்தன. காகிதம் மலிவு, மரமும் மிச்சம். அதில் எனக்குக் குறையில்லை. இன்று தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் எழுந்த புதிய வீடுகளுக்குச் செல்லும்போது, சுவரிலே பொருத்திய சமையலறைத் தட்டுகளைக் காண்கிறேன். சுவரில் துளையிட எவரிடமும் அனுமதி கேட்கவேண்டாத வீடுகள் அவை. ஆனால் இன்றும் லயத்தில் வாழ்வோர் பலர்.

அந்த இளைஞரிடம் இவற்றில் ஒரு பகுதியைத்தான் சொன்னேன். அவர் அலுமாரியின் பின்புறம் சென்று, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் எழுத்துகளைப் படித்தார். "இது எங்கள் ஆச்சி கொழுந்து பறித்த தோட்டம், சேர்," என்றார். பின்னர் அளவு நாடாவை எடுத்துக் குனிந்து அடிநிரையைப் பார்த்தார். சுவரோரப் பெட்டியில் ஈரம் ஏறி ஒட்டு விடத் தொடங்கியிருப்பதாகவும், நான்கு செங்கல் வைத்து உயர்த்தினால் தாங்கும் என்றும் சொன்னார். மறுவாரம் செங்கல்லோடு வந்தார். நிலப்படங்களை இப்போது அதில்தான் வைத்திருக்கிறோம்.