மாடனுக்கு ஓர் இலை

நாகர்கோயிலுக்குக் கிழக்கே நாட்டார் தெய்வங்களான மாடனுக்கும் இசக்கிக்கும் நடக்கும் விழாவைக் கொடை என்பார்கள். அங்கிருந்து மேற்கே தக்கலை, மார்த்தாண்டம் தாண்டிக் களியக்காவிளையை நெருங்க நெருங்கக் கொடை மெலிந்து ஊட்டு என்ற சொல் தலைகாட்டும். எல்லை கடந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று போனால் ஊட்டுதான். காளிக்கு நடத்தினால் காளியூட்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அதற்குப் பிறகும் இருபுறமும் ஒரே சொல்தான் புழங்குகிறது. அதைத் தமிழென்று உரிமை கொண்டாடவும் மலையாளமென்று விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை.

ஊட்டு, ‘உண்’ என்பதன் பிறவினை. காண் காட்டு ஆகிறது, பூண் பூட்டு ஆகிறது, அப்படியே உண் முதல் நீண்டு ஊட்டு ஆகிறது. தமிழில் இது பெரும்பாலும் வினையாகவே நின்றுவிட்டது: சோறூட்டு, பாலூட்டு, பிணத்துக்கு எரியூட்டு. மலையாளத்தில் பெயராகி விருந்தையே குறித்தது. திருச்சூர் வடக்குநாதன் கோயிலில் ஆனையூட்டு, குருவாயூரில் பிரசாத ஊட்டு, கத்தோலிக்கக் கோயில்களில் சூசையப்பர் பேரால் ஊட்டுத் திருநாள். ஆனையும் பக்தரும் உட்கார்ந்த அதே பந்தியில்தான் தெற்குத் திருவிதாங்கூரின் மாடனும் உட்கார்ந்திருக்கிறான்.

கொடை என்னும்போது கொடுக்கிறவர் முன்னால் நிற்கிறார். ஊட்டு என்னும்போது எதிரே ஒரு வாய் திறந்திருக்கிறது. இந்தப் பக்கத்துத் தெய்வங்களில் பாதிக்கு மேல் வாழ்ந்து முடிக்காமல் செத்தவர்கள்: வெட்டுப்பட்டவன், தூக்கில் தொங்கியவன், வயிற்றுப் பிள்ளையோடு மாண்டவள், அம்மை கண்டு போனவள். அவர்களின் பசி தீரவில்லை என்பதுதான் நம்பிக்கையின் அடிப்படை. பழைய செய்தியும்கூட. வீரனின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, துடி முழக்கி, தோப்பி என்ற நெற்கள்ளும் செம்மறியும் படைத்ததை அகநானூறு சொல்கிறது.

வீட்டுக்குள் நோயாகவோ கெட்ட கனவாகவோ நுழைகிற ஆவிக்கு இங்கே வாதை என்று பெயர். வடமொழி ‘பாதா’தான் தமிழ் வாயில் வாதையாகி, மலையாளத்தில் பாத என்று நிற்கிறது. பொதுத்தமிழில் வாதை என்றால் வலி மட்டும்தான். எல்லைப்புறத்தில் வலிக்குக் கைகால் முளைத்துப் பெயரும் கிடைத்துவிடுகிறது. பெயர் கிடைத்தபின் அதை என்ன செய்வது? மூன்று வழிகள்: ஓட்டலாம், கட்டலாம், ஊட்டலாம். ஓட்டுவதைப் பாதிரியாரும் செய்வார். கட்டுவது மந்திரவாதியின் வேலை. ஆணியடித்து மரத்தில் நிறுத்துவது, குடத்தில் அடைப்பது எல்லாம் அவன் கணக்கு. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியை, மந்திரவாதமும் தெரிந்த பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் அடக்கிய கதை இதற்குப் பேர்போனது. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிகமாலை என்ற கதைத்தொகுப்பு அந்தக் கத்தனாரைக் கேரளம் முழுக்கக் கொண்டுசேர்த்தது.

ஊட்டுவது குடும்பத்தின் வேலை. கட்டுக்குக் கூலி ஒருமுறைதான். ஊட்டு வருடா வருடம் வரும் செலவு. அப்படியிருந்தும் ஊர் ஊட்டைத்தான் தேர்ந்தது. கட்டிப்போட்டது ஒருநாள் அவிழ்ந்துவிடும், சாப்பிட்டது நம் பக்கம் நிற்கும் என்பது அதன் கணக்கு. அந்த நீலிகூட இட்டகவேலியில் நீலகேசி அம்மனாக முடிப்புரையில் குடியிருக்கிறாள். முடிப்புரை என்றால் அம்மனின் திருமுடி இருக்கும் வீடு. கத்தனாரின் கதையில் தோற்றவள் இங்கே ஆண்டுதோறும் படையல் வாங்குகிறாள்.

ஆவிகளை வகைபிரிப்பதும் இலையை வைத்துத்தான். மாடனுக்குக் கள், சாராயம், சுருட்டு, கோழி. யட்சி வழிமறித்துச் சுண்ணாம்பு கேட்பவள், அவளுக்கு வெற்றிலைத் தட்டம் முதலில். நாகருக்கு நூறும் பாலும். இந்த ‘நூறு’ எண்ணல்ல, பொடி என்று பொருள்படும் பழந்தமிழ்ச் சொல். யோகீஸ்வரன் என்பவர் குடும்பத்தில் முன்பு மந்திரம் தெரிந்து வாழ்ந்த காரணவர், அதாவது மூத்தவர்; சாதுவானவர், அவருக்கு அவலும் பொரியும் பழமும் கருக்கு என்ற இளநீரும் போதும். பலருக்கும் இடம் ஒரே தெக்கதுதான். வீட்டு வளவின் தென்புறத்தில் இருப்பதால் அந்தச் சிறு கோயிலுக்குத் தெக்கது என்று பெயர்; தெற்கு எமனின் திசையும்கூட. சாத்வீக இலையையும் சாராய இலையையும் மட்டும் சேர்த்துப் போடமாட்டார்கள்.

இதே மண்ணில் இன்னொரு ஊட்டும் நடந்தது. முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு சாலை ஏற்படுத்தி, 95 சட்டர்களுக்கு, அதாவது பார்ப்பன மாணவர்களுக்கு, உணவும் கல்வியும் தர நிலம் எழுதிவைத்தான். திருவிதாங்கூர் அரசும் பின்னாளில் ஊட்டுப்புரைகளை நடத்தியது. பிராமணப் பயணிக்கு அங்கே இலவசச் சாப்பாடு. அதனால்தான் நாட்டுக்குத் தர்மபூமி என்ற பெயரும் வந்தது. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மெட்டீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலுக்குத் தலைப்பாக வைத்தது அந்தப் பெயரின் ஆங்கில வடிவத்தைத்தான், கொஞ்சம் குத்தலாகவே. பாறசாலை அந்த மிஷனின் நிலையங்களில் ஒன்று. ஊட்டுப்புரையை மெட்டீர் தர்மச் செலவு என்றும் மாடன் படையலைப் பேய் வழிபாடு என்றும் தனித்தனியே வைத்தார். இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

வேர் மட்டுமா, காரணமும் ஒன்றாக இருந்ததுண்டு. மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) எதிரிகளுக்கு அஞ்சிப் பலாமரப் பொந்தில் ஒளிந்தாராம். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் அம்மச்சிப் பிலாவு என்று அதைக் காட்டுகிறார்கள். பின்பு அவர் கை ஓங்கியது, பலரும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பாவம் தீரத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் முறைஜபம் தொடங்கியது என்பார்கள்: 6 ஆண்டுக்கு ஒருமுறை, 56 நாள், வேதமும் பிராமணர் விருந்தும். அவர் கொன்ற தம்பிமாரோ, அதாவது முந்தைய மன்னரின் மகன்களோ, வில்லுப்பாட்டில் தெய்வமாகி ஏறினார்கள், குடிமக்கள் அவர்களுக்குப் படைத்தார்கள். ஒரே கொலைக்கு அரண்மனை ஒரு பந்தி போட்டது, ஊர் இன்னொரு பந்தி போட்டது. செத்தவனுக்கே நேராகச் சோறு வைத்தது ஊரின் பந்திதான் என்பதால் என் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது.

எதிர்ப்பும் உள்ளிருந்தே வந்தது. சாமித்தோப்பில் 1833க்குப் பின் அய்யா வைகுண்டர் பேய்க்குப் படைக்காதே, ரத்தப்பலி கொடுக்காதே என்றார். அவரது வழிபாட்டிடங்களான பதிகளில் எல்லாரும் சேர்ந்துண்ணும் அன்னத்துக்கு உம்பான் என்று பெயர். அதுவும் ‘உண்’ணிலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது: பேயின் இலையை எடுத்து மனிதருக்குப் போட்டார். நெய்யாற்றங்கரையிலேயே, அருவிப்புறத்தில், 1888இல் நாராயண குரு சிவனை நிறுவினார். மாடன், மறுதா போன்றவற்றை அகற்றச் சொன்னவர் அவர். சில இடங்களில் மாடன் போனான், சில இடங்களில் மாடன் தம்புரான் என்று மரியாதை கூடிச் சைவமாகி அங்கேயே இருந்துகொண்டான்.

அரசும் இலையில் கைவைத்தது. திருவிதாங்கூரில் ராணி சேது லட்சுமி பாய் 1925இல் கோயில் உயிர்ப்பலியை நிறுத்தினார். கேரளத்தில் 1968 முதல் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் இருக்கிறது; அங்கே குருதி என்ற படையல் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர்தான். தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் திடீரென்று தூசு தட்டி எடுத்தார்கள். கிராமங்கள் முணுமுணுக்க, 2004இல் அதையே நீக்கினார்கள். ஆகவே களியக்காவிளைக்குக் கிழக்கே கோழி உண்டு. ஆனால் அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. மேற்கே கள்ளுக்கடை திறந்திருக்கிறது, கோழிக்குத்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது. சாராயத்தையோ கேரளம் 1996 ஏப்ரல் 1 முதல் தடைசெய்துவிட்டது. மாடன் இலையில் இப்போது அரசின் பிவரேஜஸ் மதுக்கடைக் குப்பி நிற்கிறது. சட்டப்படி மாடன் முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டுமானால், கோழியை எல்லையிலுள்ள இஞ்சிவிளைச் சோதனைச் சாவடிக்குக் கிழக்கேயும் கள்ளை மேற்கேயும் வைத்து உண்ண வேண்டும்.