விவாகரத்து சான்றிதழ் எங்கே கிடைக்கும்? மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் வசிப்பவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும்?

மறுமணத்தைப் பதிவு செய்யணும், பாஸ்போர்ட்டில் பழைய கணவர் பெயரை எடுக்கணும், வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கணும். இதில் எதற்குப் போனாலும் "விவாகரத்து ஆனதற்கு ஆதாரம் கொடுங்க" என்று கேட்பார்கள். உடனே பலரும் திருமணத்தைப் பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்துக்கே ஓடுகிறார்கள். அங்கே கிடைக்கும் பதில்: "எங்ககிட்ட இல்லைங்க."

அவர்கள் சொல்வது சரிதான். பிறப்பு, இறப்புக்கு மாநகராட்சி, கல்யாணத்துக்குப் பதிவுத்துறை என்று இருப்பதுபோல விவாகரத்துக்கு என்று தனிப் பதிவேடு தமிழ்நாட்டில் கிடையாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி கல்யாணத்தைப் பதிவது கட்டாயம். ஆனால் அந்தக் கல்யாணம் முறிந்துவிட்டது என்பதைச் சொல்லும் ஒரே ஆவணம் நீதிமன்றம் கொடுக்கும் தீர்ப்பாணைதான். பேச்சு வழக்கில் 'டிக்ரீ'. 'விவாகரத்து சான்றிதழ்' என்று தனியாக ஒன்று இல்லை.

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்தால் செல்லாதா?

செல்லாது. நோட்டரி முன்னால் இருவரும் கையெழுத்து போட்டாலும், சொந்தக்காரர்கள் பஞ்சாயத்து பேசி 'அத்து விட்டாலும்' அது சட்டப்படி விவாகரத்து ஆகாது. குறிப்பிட்ட சமூகத்தில் வழிவழியாக இருக்கும் வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டம் 29-வது பிரிவில் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் உண்மையில் இருக்கிறது என்பதைக் கோர்ட்டில் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அது லேசான வேலை இல்லை.

ஐயர் இல்லாமல், தாலிகூட இல்லாமல் மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணத்துக்கும் இதே கதைதான். அண்ணா ஆட்சியில் வந்த 7-ஏ பிரிவு அதை முழுமையான திருமணமாக ஏற்றுக்கொண்டது. அதனால் பிரியவும் கோர்ட் படி ஏறித்தான் ஆக வேண்டும்.

பத்திரத்தை நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் ஆபத்து பெரிது. முதல் திருமணம் சட்டப்படி உயிரோடு இருப்பதால் இரண்டாவது செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 82-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது.

மகளிர் காவல் நிலையமா, சைதாப்பேட்டை கோர்ட்டா, ஹைகோர்ட்டா?

தென் சென்னையில் அதிகம் நடக்கும் குழப்பம் இது. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், அவர்கள் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், வழக்கும் பதிவார்கள். விவாகரத்து கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ன் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்பது மாஜிஸ்திரேட் கோர்ட்டில். அதுவும் வேறு பாதை.

சென்னையில் விவாகரத்து மனு போக வேண்டிய இடம் பாரிமுனை அருகே உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றம். வளாகம்தான் ஹைகோர்ட்டுடையது, வழக்கு ஹைகோர்ட்டில் இல்லை. நந்தனம், தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஹைகோர்ட் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். தாம்பரம், பல்லாவரம் பக்கம் என்றால் அது செங்கல்பட்டு மாவட்டம். அதற்கான குடும்ப நல நீதிமன்றம் வேறு.

மதுரையில் கல்யாணம், பெங்களூரில் குடித்தனம். சென்னையில் போட முடியுமா?

இந்து திருமணச் சட்டம் 19-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், இந்த மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனு போடலாம். 2003-ல் வந்த திருத்தம் பெண்களுக்கு இன்னொரு வழியும் கொடுத்தது: மனைவி தான் இப்போது வசிக்கும் இடத்திலேயே போடலாம். ஆக, பெங்களூரிலிருந்து மயிலாப்பூரில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண், பாரிமுனையிலேயே வழக்கு தொடரலாம். பெங்களூருக்கு அலைய வேண்டாம்.

கணவருக்கு அந்தச் சலுகை இல்லை. அடையாறில் இப்போது தனியாக இருக்கிறார் என்பது மட்டும் போதாது. கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது சென்னையாகவோ, கல்யாணம் நடந்தது சென்னையாகவோ, மனைவி வசிப்பது சென்னையாகவோ இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வெளிநாட்டில் இருந்தால் மனுதாரர் வசிக்கும் இடம் செல்லும்.

எவ்வளவு நாள் ஆகும்?

இருவரும் ஒத்துப்போனால் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். 'பிரிந்து' என்றால் வேறு வேறு வீடு என்று அர்த்தமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் தம்பதியாக வாழவில்லை என்றாலும் கணக்கில் வரும். மனு போட்டபின் 6 மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் இரண்டாவது முறை கோர்ட்டில் உறுதி செய்ய வேண்டும். இந்த 6 மாதம் கட்டாயம் அல்ல, உரிய காரணம் இருந்தால் நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அது தானாகக் கிடைக்காது, தனி மனு போட்டுக் கேட்க வேண்டும்.

ஒருவர் மறுத்தால் 13-வது பிரிவு. கொடுமை, 2 ஆண்டு கைவிட்டுப் போனது, வேறு உறவு என்று காரணத்தைச் சொல்லி நிரூபிக்கணும். இதில் ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் உண்டு. "ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்" என்பது இந்தச் சட்டத்தில் காரணமே இல்லை. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு, மீட்க முடியாத அளவுக்கு முறிந்த திருமணத்தை 142-வது பிரிவில் ரத்து செய்யலாம் என்றது உண்மை. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே. குடும்ப நல நீதிமன்றத்தில் அதைக் காட்டி டிக்ரீ வாங்க முடியாது.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் 14-வது பிரிவு குறுக்கே நிற்கும். மிகக் கடுமையான துன்பம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். கோர்ட் அதே கோர்ட்தான். முஸ்லிம் பெண் 'குலா' முறையில் பிரிய நினைத்தால் குடும்ப நல நீதிமன்றத்தை நாடலாம், தனியார் அமைப்புகள் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது.

பழைய டிக்ரீ தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் ஒரு விஷயம். விவாகரத்து கிடைத்ததும் இருதரப்புக்கும் டிக்ரீயின் ஒரு நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று இந்து திருமணச் சட்டம் 23-வது பிரிவிலேயே இருக்கிறது. பலர் கேட்டு வாங்குவதில்லை. வக்கீல் கட்டிலேயே தூங்கும்.

தொலைந்திருந்தால், தீர்ப்பு தந்த கோர்ட்டின் நகல் பிரிவில் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்கலாம். கையில் இருக்க வேண்டியது வழக்கு எண், அதாவது 'ஓ.பி. நம்பர்', ஆண்டு, முடிந்தால் தீர்ப்புத் தேதி. நம்பர் மறந்துபோனால் பழைய சம்மன், வக்கீல் கடிதம், ஜீவனாம்ச உத்தரவு எதிலாவது இருக்கும். அதுவும் இல்லையா? இ-கோர்ட்ஸ் தளத்திலோ ஆப்பிலோ பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். கணினிக்கு முந்தைய காலத்து வழக்குகள் அதில் சிக்காமல் போகலாம். அப்போது கோர்ட் பதிவேட்டில்தான் தேட வேண்டும். அதற்குத் தோராயமாக ஆண்டாவது தெரிந்திருப்பது நல்லது. மறுமணம், விசா என்றால் தீர்ப்பு, டிக்ரீ இரண்டின் நகலையும் சேர்த்தே கேளுங்கள்.

மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்து ஆனதா என்று பெண் வீட்டார் சரிபார்க்க முடியுமா? நேரடியாக முடியாது. இவ்வகை வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை, 22-வது பிரிவு விவரங்களை வெளியிடுவதையே தடுக்கிறது. மூன்றாம் நபர் நகல் கேட்டால் காரணம் சொல்லி பிரமாணப் பத்திரத்தோடு மனு போட்டு நீதிபதி அனுமதி வாங்கணும். ஆர்.டி.ஐ-யும் உதவாது. கோர்ட் ஆவண நகலை கோர்ட் விதிப்படியே கேட்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நடைமுறையில் ஒரே வழி, மாப்பிள்ளை வீட்டாரிடமே சான்றிட்ட நகலைக் கேட்பது. கேட்க சங்கடப்பட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் வாங்கிய விவாகரத்து இங்கே செல்லுமா?

அடையாறு, மயிலாப்பூர் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி. அங்கே விவாகரத்து ஆவணம் பொதுவாக அந்தந்த கவுன்ட்டி கோர்ட்டின் கிளார்க் அலுவலகத்தில் இருக்கும். கலிஃபோர்னியாவில் வழக்கு போட ஒருவராவது அந்த மாநிலத்தில் 6 மாதமும், அந்த கவுன்ட்டியில் 3 மாதமும் வசித்திருந்தால் போதும். காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. பிரச்னை அங்கேதான். இங்கே நடந்த இந்துத் திருமணத்தை, இந்தியச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாமல் அங்கே முறித்தால் இந்தியாவில் செல்லாது என்று 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே 'சிங்கிள்', இங்கே இன்னும் 'கல்யாணமானவர்' என்ற நிலை அப்படித்தான் வருகிறது. இருவரும் ஆஜராகி சம்மதித்து வாங்கிய டிக்ரீ என்றால் நிலைமை வேறு. அப்போது அப்போஸ்டில் முத்திரையுடன் நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால்?

பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் முதலில் 181. சம்மன் வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். போகாவிட்டால் 'எக்ஸ்பார்ட்டி' டிக்ரீ ஆகிவிடும், அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் அவகாசம். போட்டியிட்டு முடிந்த வழக்கில் அப்பீலுக்கான காலம் முடியும்வரை மறுமணத் தேதி குறிக்கக் கூடாது. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள் என்று இருப்பதால் 90 நாள் பொறுத்திருப்பதே பாதுகாப்பு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடலாம்.