வெள்ளலூரின் ரோமானிய வெள்ளி

கோவைக்குத் தென்கிழக்கே, நொய்யலை ஒட்டியுள்ள வெள்ளலூரை இன்று பலரும் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கை வைத்தே அறிவார்கள். நாணயவியலாளர்களுக்கு அது புதையல் ஊர். 1842, 1891, 1931 என மூன்று முறை இங்கே ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. முதல் குவியலில் மட்டும் 500-க்கும் மேற்பட்டவை இருந்தன.

இவை டெனாரியஸ் என்னும் காசுகள். எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. விட்டம் 2 சென்டிமீட்டர்கூட இராது. பேரரசர் பலர் பலவிதமாக அச்சிட்டிருந்தும், இங்கே திரும்பத் திரும்பக் கிடைப்பவை இரண்டே வகைதான். ஒன்று, அகஸ்டஸ் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அச்சிட்டது: பின்புறத்தில் அவருடைய பேரன்கள் கையஸும் லூசியஸும் நிற்க, நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். மற்றது டைபீரியஸ் வெளியிட்டது: செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருப்பாள்.

இந்த இரண்டுக்கும் ஏன் இத்தனை மவுசு? கி.பி. 64-இல் நீரோ டெனாரியஸின் எடையைக் குறைத்து வெள்ளியில் கலப்பையும் கூட்டினார். கொங்கு வணிகருக்கு ரோமாபுரியின் முகமதிப்பு செல்லாது. எடையும் மாற்றும்தான் கணக்கு. பழைய காசையே அவர்கள் கேட்டு வாங்கினார்கள் என்ற விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

வெள்ளி வந்த வழியும் தெளிவு. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குக்குள் நுழைந்து, நொய்யலை ஒட்டிக் கரூர் வரை சென்றது. அந்த வழியில்தான் காங்கயத்தை அடுத்த படியூரும் சென்னிமலைப் பக்கத்துக் கொடுமணலும் உள்ளன. படியூரில் பச்சைக்கல் வெட்டினார்கள். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் கொடுமணலில் கல்மணிகளைப் பட்டை தீட்டினார்கள், இரும்பும் உருக்கினார்கள். அகழாய்வில் மணிகளோடு அரைகுறையாக விட்ட கற்களும் கிடைத்துள்ளன. அக்காலத்து ரோமானிய அறிஞர் பிளினி, பச்சைக்கல் இந்தியாவுக்கு வெளியே அரிது என்று எழுதினார். இந்திய வணிகத்துக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று அங்கலாய்த்தவரும் அவரே. ஒரு டெனாரியஸுக்கு 4 செஸ்டர்ஸ்.

அந்தப் பணத்தில் ஒரு துளிதான் வெள்ளலூர் மண்ணில் தங்கியது. தட்டான் கொட்டிலில் உருகிப் போனது எவ்வளவோ! இனிக் கிடைப்பதாவது அப்படி உருகிப் போகாமல் தப்பட்டும்: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.